முழங்கால் பின்பக்கத் தீத்தழும்புச் சுருக்கம்: இசட் போதுமா, ஃபிளாப் வேண்டுமா?

முதலாண்டு_எம்சிஎச் கேட்டது:

வணக்கம். அடுத்த வாரப் பட்டியலில் உள்ள ஒரு கேஸுக்குத் திட்டம் போட உதவி வேண்டும். வயது 22. நெருப்புப் பட்டு 20 மாதம் ஆகிறது. அப்போது கிராஃப்ட் (வேறிடத்திலிருந்து எடுத்து ஒட்டும் தோல்) வைக்கவில்லை, ஸ்பிளின்ட்டும் (மூட்டை நேராகப் பிடிக்கும் கட்டை) போடவில்லை. புண் தானாக ஆற மூன்று மாதத்துக்கு மேல் பிடித்திருக்கிறது.

வலது முழங்கால் முழுசாக மடங்குகிறது, நீட்டும்போது 50 டிகிரியில் நின்றுவிடுகிறது. உள்பக்க ஓரத்தில் தொடையின் கீழ்ப்பகுதியிலிருந்து கெண்டைக்கால் வரை ஒரு பட்டை விறைத்து எழும்புகிறது. பட்டையோடு தழும்பு நிற்கவில்லை, பாப்ளிட்டியல் குழியின் (முழங்காலுக்குப் பின்னுள்ள பள்ளம்) நடுப்பகுதியும் தழும்புதான். மடிப்பு மட்டத்தில் தழும்பின் அகலம் 7 செ.மீ. வெளிப்பக்கத் தொடைத் தோல் நன்றாக இருக்கிறது. கெண்டைக்கால் உள்பக்கத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கு தழும்பு. மடிப்பில் 1.5 செ.மீ. அளவில் ஒரு வெடிப்புப் புண், ஆறும், திரும்பத் திறக்கும். எக்ஸ்ரேயில் மூட்டு சரி. பாதத்தில் நாடித்துடிப்பு நன்றாகக் கிடைக்கிறது, பாதத்தை மேலே தூக்க முடிகிறது.

கேள்விகள்: பட்டை தெளிவாக இருப்பதால் வரிசையாக இசட்-பிளாஸ்டி (Z வடிவில் வெட்டி, இரண்டு முக்கோண மடல்களை இடம் மாற்றித் தைப்பது) போட்டால் போதுமா? போதாதென்றால் ரிலீஸ் செய்து (தழும்பை வெட்டி விடுவித்து) கிராஃப்ட்டா, ஃபிளாப்பா (சொந்த ரத்த ஓட்டத்தோடு தூக்கித் திருப்பும் தோல்)? டேபிளில் எவ்வளவு நீட்டலாம்? அந்தப் புண்ணை முதலில் ஆற்ற வேண்டுமா?

-----

இசட்60 எழுதியது:

பட்டையைப் பார்த்ததும் இசட் என்று கை போவது இயல்பு. ஆனால் இசட் புதிதாகத் தோலை உண்டாக்குவதில்லை, குறுக்கே இருப்பதை நெடுக்கே மாற்றித் தருகிறது, அவ்வளவுதான். அதனால் முதலில் இரண்டு அளவு எடுங்கள்: நெடுக்கே எவ்வளவு குறைகிறது, குறுக்கே எவ்வளவு உபரி இருக்கிறது.

நெடுக்கை அளக்க நல்ல காலை வைத்துக்கொள்ளுங்கள். மூட்டு மட்டத்திலிருந்து மேலே 10 செ.மீ., கீழே 10 செ.மீ. தள்ளிப் புள்ளி வைத்து, கால் நேராக இருக்கும்போது பின்பக்கமாக டேப் வைத்தால் 20 வரும். பாதித்த காலில் அதே புள்ளிகளைப் பக்கவாட்டில் எலும்பு அடையாளத்திலிருந்து அளந்து குறித்து, முடிந்தவரை நீட்டச் சொல்லிப் பின்பக்கம் அளந்தால் வருகிற வித்தியாசம்தான் பற்றாக்குறை. கணக்காகவும் சரிபார்க்கலாம். மூட்டு சுழலும் அச்சிலிருந்து பின்பக்கத் தோல் வரை பெரியவர்களுக்கு ஏறக்குறைய 6 செ.மீ. 50 டிகிரி என்பது 0.87 ரேடியன். பெருக்கினால் 5 செ.மீ.க்குச் சற்று மேல். உங்கள் கேஸில் 5 முதல் 6 செ.மீ. தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி இசட் என்ன தரும்? 60 டிகிரி இசட் ஏட்டில் 75 சதவீதம் நீளம் கூட்டும், 45 டிகிரி 50 சதவீதம், 30 டிகிரி 25 சதவீதம். நடு வெட்டு 8 செ.மீ. வைத்து ஒரே இசட் போட்டால் 6 செ.மீ. கிடைக்கும், ஆனால் அதே 6 செ.மீ. குறுக்கே கொடுத்தாக வேண்டும். நாலு நாலாக இரண்டு இசட் போட்டால் மொத்த நீளம் அதேதான், ஒவ்வொரு மட்டத்திலும் குறுக்கே 3 செ.மீ. போனால் போதும். பல இசட்களாக உடைப்பதன் காரணம் இதுதான், அழகுக்காக இல்லை. இதெல்லாம் காகிதத்தில் வரைந்த நல்ல தோலுக்கான கணக்கு. தழும்புத் தோலில் இதைவிடக் குறைவாகவே கிடைக்கும், எவ்வளவு குறைவு என்பது தழும்பின் விறைப்பைப் பொறுத்தது.

உங்கள் கேஸில் இசட் தோற்பதற்குக் காரணம் வேறு. பட்டையின் ஒரு பக்கமாவது நல்ல தோல் இருந்தால்தான் ஓரச் சுருக்கம் என்று சொல்லலாம். இங்கே பட்டையிலிருந்து நடுக்குழி வரை 7 செ.மீ. தழும்பு. இசட்டின் ஒரு மடல் முழுக்கத் தழும்பில் விழும். தழும்பு மடலைக் கூரான நுனியோடு தூக்கினால் நுனி கறுக்கும். அடியில் கொழுப்பு ஒட்டியிருக்க, அகலமான அடியோடு தூக்கினால் சில நேரம் தப்பிக்கும். அதை நம்பி முழங்காலுக்குப் பின்னால் திட்டம் போட மாட்டேன், நுனி போன இடத்தில் அடியில் இருப்பது டிபியல் நரம்பு.

ஓரச் சுருக்கமாகவே இருந்தால்கூட முக்கோணத்தைவிடச் சரிவகம் நல்லது. மாஸ்கோவின் தீக்காய அறுவை நிபுணர் கிரிஷ்கேவிச் திரும்பத் திரும்பச் சொல்வது இது. பட்டையின் தழும்புப் பக்கத்தை வெட்டினால் திறக்கும் பள்ளம் முக்கோணமாக இருப்பதில்லை, சரிவகமாக இருக்கிறது. அதில் கூரான நுனியைக் கொண்டுபோய் வைத்தால் நுனியின் இரண்டு பக்கமும் இழுவிசை மிஞ்சும், ஆறு மாதத்தில் அங்கே புதுப் பட்டை எழும்பும். நுனியும் அகலமாக உள்ள மடலைத்தான் வைக்க வேண்டும். வெட்டை மூட்டு அச்சு மட்டம் வரை கொண்டுபோவதும் முக்கியம், பாதியில் நிறுத்தினால் மீதி உள்ளேயே இருக்கும்.

உங்களுக்கு என் கருத்து: மடிப்பு மட்டத்தில் குறுக்கு ரிலீஸ், நடுவில் வெளிப்பக்கத்திலிருந்து ஒரு ஃபிளாப், பட்டையின் மேல் கீழ் முனைகளில் மட்டும் சின்ன இசட். எல்லாவற்றையும் ஒரே உத்தியால் முடிக்கப் பார்க்காதீர்கள்.

புண்ணைப் பற்றி: ஓரத்திலிருந்து, குறைந்தது இரண்டு மூன்று இடத்தில், பயாப்சி எடுங்கள். மார்ஜோலின் புண் (பழைய தழும்பில் வரும் புற்று) வருவதற்குப் பொதுவாகப் பல பத்தாண்டுகள் ஆகும், 20 மாதத்தில் வாய்ப்புக் குறைவு. ஆனாலும் ஒருமுறை கிராஃப்ட் போட்டு மூடிவிட்டால் பிறகு யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. கல்ச்சரும் அனுப்புங்கள். பீட்டா ஹீமோலிட்டிக் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வந்தால் மருந்து கொடுத்து மறுபடி எடுத்துச் சுத்தமான பிறகுதான் கிராஃப்ட், அந்தக் கிருமி கிராஃப்ட்டைக் கரைத்துவிடும்.

-----

பின்தொடை எழுதியது:

மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். எந்த ஃபிளாப், எப்படி என்பதை மட்டும் விரித்து எழுதுகிறேன்.

முழங்கால் பின்பக்கத்துக்கு முதலில் நினைவுக்கு வருவது மீடியல் சூரல் ஆர்ட்டரி பெர்ஃபரேட்டர் ஃபிளாப் (பெர்ஃபரேட்டர் என்பது ஆழத்திலிருந்து தோலுக்கு வரும் சிறு ரத்தக்குழாய்), 2001ல் கவாதாஸ் விவரித்தது. பாப்ளிட்டியல் மடிப்பின் நடுவிலிருந்து உள்கணுக்கால் எலும்பின் முனைக்கு ஒரு கோடு போட்டால், மடிப்பிலிருந்து ஏறக்குறைய 8 செ.மீ.யில், அந்தக் கோட்டைச் சுற்றி 2 செ.மீ. வட்டத்துக்குள் முதல் பெர்ஃபரேட்டர் பெரும்பாலும் கிடைக்கும். மெல்லிய ஃபிளாப், நீண்ட காம்பு, தோல் தளர்வாக இருந்தால் 5 முதல் 6 செ.மீ. அகலம் வரை எடுத்த இடத்தை நேராகத் தைத்துவிடலாம். ஆனால் உங்கள் நோயாளிக்கு அந்த 8 செ.மீ. இடம் தழும்புக்குள்ளோ அதன் ஓரத்திலோ வரும். டாப்ளரில் சத்தம் கேட்டாலும் மேலே உள்ள தோல் தழும்பாக இருந்தால் ஃபிளாப் விறைப்பாக இருக்கும். இதை இரண்டாவது வரிசையில் வையுங்கள்.

முதல் தேர்வு வெளி-பின் தொடையின் கீழ்ப்பகுதி ஃபிளாப். மேல் வெளி ஜெனிக்குலர் ஆர்ட்டரியின் தோல்கிளை, தொடையெலும்பின் வெளிக் கான்டைலுக்கு (கீழ்முனைப் புடைப்பு) சில செ.மீ. மேலே, வாஸ்டஸ் லேட்டராலிஸுக்கும் பின்தொடைத் தசையான பைசெப்ஸின் குட்டைத் தலைக்கும் நடுவே வெளியே வருகிறது. 8 மெகாஹெர்ட்ஸ் கை டாப்ளரால் குறித்துக்கொள்ளுங்கள். அடியை அங்கே வைத்து, ஃபிளாப்பைத் தொடை நெடுக மேல்நோக்கி வரைந்து, 90 டிகிரி திருப்பினால் பாப்ளிட்டியல் குழியில் குறுக்காகப் படுக்கும். 6.5 செ.மீ. அகலம், 13 முதல் 14 செ.மீ. நீளம் என்று தொடங்குங்கள். இறுதி அளவை ரிலீஸ் முடிந்த பிறகு பள்ளத்தின் மேல் கையுறை உறையின் காகிதத்தை வைத்து வெட்டியெடுத்த மாதிரியை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். காகிதத்தைப் பெர்ஃபரேட்டர் புள்ளியில் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சுற்றிப் பாருங்கள், நுனி எட்டுகிறதா என்று. எட்டாத ஒரு செ.மீ.யை அங்கேயே கூட்டிக்கொள்ளலாம். வெட்டிய பிறகு கூட்ட முடியாது.

டீப் ஃபேஷியாவை (தசையைப் போர்த்தும் உறை) சேர்த்தே தூக்குங்கள். 1981ல் ஸ்வீடனின் பான்டென் கால் ஃபிளாப்களில் ஃபேஷியாவைச் சேர்த்துத் தூக்கி 2.5க்கு 1 விகிதம் வரை நுனி பிழைப்பதைக் காட்டினார். அதற்கு முன்பு காலில் 1க்கு 1 தாண்டவே பயம். ஃபேஷியாவின் ஓரம் தோலிலிருந்து பிரிந்து நழுவாமல் நாலைந்து இடத்தில் 4-0 விக்ரில் தையல் போட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இனி ரிலீஸ். குப்புறப் படுக்கவைத்தால் 50 டிகிரி மடங்கிய முழங்காலால் பாதம் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். கணுக்காலுக்குக் கீழே மடித்த துணிகளை அடுக்கி வைத்துக்கொள்ளுங்கள். ரிலீஸ் ஆக ஆக ஒவ்வொரு துணியாக உருவிவிடலாம், யாரும் காலைப் பிடித்து அழுத்த வேண்டியதில்லை. கால் தன் எடையில் இறங்குவதுதான் பாதுகாப்பான வேகம்.

டூர்னிகே (ரத்த ஓட்டத்தை நிறுத்தும் காற்றுப்பட்டை) தொடையின் உச்சியில், பைசெப்ஸ் பக்கத் தோலை விட்டுத் தள்ளி. எஸ்மார்க் (காலின் ரத்தத்தைப் பிழிந்தேற்றும் ரப்பர் பட்டை) சுற்ற வேண்டாம், இரண்டு மூன்று நிமிடம் காலைத் தூக்கிப் பிடித்துவிட்டு ஏற்றினால் போதும். பெர்ஃபரேட்டரில் கொஞ்சம் ரத்தம் நின்றால்தான் கண்ணுக்குத் தெரியும். 90 நிமிடத்துக்குள் இறக்கிவிடுங்கள். ஃபிளாப் எடுக்கும் இடத்தில் அட்ரினலின் ஊசி வேண்டாம்.

வெட்டு இழுவிசை அதிகமுள்ள மட்டத்தில் குறுக்காக, இரண்டு பக்கமும் நடு-அச்சுக் கோடு வரை. முனைகளை மீன்வாய் போலப் பிளந்துவிடுங்கள், இல்லையென்றால் ஓரத்தில் புதுப் பட்டை உருவாகும். வெளிப்பக்க நல்ல தோலில் தொடங்கித் தளத்தைக் கண்டுபிடித்துப் பிறகு தழும்புக்குள் நுழையுங்கள். பொதுவாகத் தழும்புக்கு அடியில் கொழுப்பு தப்பித்திருக்கும், அதைக் காப்பாற்றுவதுதான் இந்த ஆபரேஷனின் பாதி. கத்தரியின் வாயை ரத்தக்குழாய் போகும் திசையில் நெடுக்காகத் திறந்து மூடிப் பிரிக்க வேண்டும், குறுக்காகத் திறக்கக் கூடாது. நடுவில் சின்ன சஃபீனஸ் சிரையும் சூரல் நரம்பும் முதலில் வரும். அதற்கு ஆழத்தில் டிபியல் நரம்பு, அதற்கு அடியில் சிரை, எல்லாவற்றுக்கும் அடியில் தமனி. வெளிப்பக்கம் பைசெப்ஸ் தசைநாணின் உள்விளிம்பை ஒட்டிக் காமன் பெரோனியல் நரம்பு. கால் நீள நீள அது வில்நாண் போலத் தோலுக்கு அடியில் எழும்பி வரும். நீங்கள் தூக்கும் ஃபிளாப்பின் அடியும் அங்கேதான், ஆகவே நரம்பைக் கண்ணால் பார்த்து, ஒரு வெஸல் லூப் (மெல்லிய ரப்பர் நாடா) போட்ட பிறகே அடியைத் தளர்த்துங்கள். அது தசைநாண் என்று நினைத்து வெட்டுகிற தவறு நடக்கக்கூடியதுதான்.

தோலும் ஃபேஷியாவும் விட்ட பிறகும் 15-20 டிகிரி மிஞ்சினால் தொட்டுப் பாருங்கள். செமிடெண்டினோஸஸ் தசைநாண் கயிறு போல இறுகியிருந்தால் அதை இசட்டாக நீளப்படுத்தலாம். மூட்டு உறையின் பின்பகுதிதான் (பின் கேப்சூல்) காரணம் என்றால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள், எலும்பு மருத்துவரோடு பேசித் தனியாகத் திட்டம் போடுங்கள்.

எவ்வளவு நீட்டலாம் என்ற கேள்விக்குத் தோல் பதில் சொல்லாது. தமனியும் நரம்பும்தான் பதில் சொல்லும், அவையும் 20 மாதமாகக் குட்டையாகவே இருந்திருக்கின்றன. டூர்னிகே இறக்கி, கிடைத்த நீட்டத்தில் காலை வைத்து 10 நிமிடம் காத்திருங்கள். பெருவிரலின் நிறம், ரத்தம் திரும்பும் நேரம், பாதத்தின் மேல்பக்க நாடி, உள்கணுக்காலுக்குப் பின்னால் உள்ள நாடி எல்லாம் பாருங்கள். துடிப்பு மங்கினால் திரும்பி வரும்வரை 15-20 டிகிரி மடக்கி அங்கேயே ஸ்லாப் (ஒரு பக்கம் மட்டும் போடும் மாவுக்கட்டு) போடுங்கள். மீதியை வாரவாரம் மாவுக்கட்டு மாற்றி வாங்கிக்கொள்ளலாம். டேபிளில் அழுத்தி நீட்டினால் தமனியின் உள்சுவர் கிழியலாம், பாதம் தொங்கலாம், டிபியா பின்னுக்கு நழுவலாம். நெடுநாள் ஊன்றாத காலில் எலும்பு மெலிந்திருக்கும், தொடையெலும்பு கான்டைலுக்கு மேலே முறிந்துவிடவும் கூடும்.

-----

மயக்கமருந்து_அறை எழுதியது:

மயக்க மருந்து பக்கத்திலிருந்து சில வரிகள்.

தொடையில் தீ பட்டவருக்குக் கழுத்தும் மார்பும் எப்படி இருக்கின்றன என்று யாரும் எழுதவில்லை. கழுத்துச் சுருக்கம் இருந்தால் முழங்காலைவிட அதுதான் முதல் பிரச்சினை, முன்னமே பாருங்கள். குப்புறப் போடுவதாக இருந்தால் ஃபிளெக்ஸோமெட்டாலிக் டியூபோடு (வளைந்தாலும் அடைபடாத சுவாசக் குழாய்) பொது மயக்கம் நல்லது. ஃபிளாப், கிராஃப்ட், இசட் என்று மூன்றும் சேர்ந்தால் ஸ்பைனலின் (முதுகில் போடும் மரப்பு ஊசி) நேரத்தைத் தாண்டிவிடும், குப்புறக் கிடக்கும் ஆளுக்கு நடுவில் டியூப் போடுவது யாருக்கும் பிடித்த வேலை இல்லை. வயிறு அழுந்தாமல் மார்புக்கும் இடுப்புக்கும் அடியில் தலையணை. வயிறு அழுந்தினால் சிரை அழுத்தம் ஏறிக் காயத்தில் ரத்தக்கசிவு கூடும்.

வலிக்காக சயாட்டிக் பிளாக் (கால் நரம்பை மரக்கச் செய்யும் ஊசி) போடலாமா என்று கேட்பீர்கள். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு முதல் சில மணி நேரத்தில் பாதம் மேலே தூக்குகிறதா, பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். நீண்ட நேரம் நிற்கும் பிளாக் அதை மறைத்துவிடும். பாராசிட்டமாலும் தேவைக்கு மார்ஃபினும் போதும்.

கிராஃப்ட் தொடையின் முன்பக்கத்தில் எடுப்பதாக இருந்தால் மல்லாந்து இருக்கும்போதே எடுத்து, சலைன் நனைத்த துணியில் சுருட்டி வைத்துவிட்டுப் பிறகு திருப்புங்கள். நடுவில் இரண்டு தடவை புரட்டச் சொல்லாதீர்கள்.

-----

டெர்மடோம் எழுதியது:

கொஞ்சம் மறுத்துப் பேசுகிறேன். ஃபிளாப் அழகான தீர்வுதான், ஆனால் அடியில் கொழுப்பு முழுசாகத் தப்பித்திருந்தால் கிராஃப்ட்டே போதும். ஒன்றரை மணி நேர வேலை, நுண் உருப்பெருக்கி வேண்டாம். கிராஃப்ட் கொஞ்சம் போனால் மறுபடி வைக்கலாம். ஃபிளாப் போனால் பின்பக்கமும் திறந்து கிடக்கும், தொடையிலும் ஒரு காயம். முதலாண்டில் இருப்பவர் முதல் ஃபிளாப்பைத் தழும்புக்கு நடுவில் தூக்க வேண்டிய அவசியம் இல்லை என்பது என் எண்ணம்.

கிராஃப்ட் வைப்பதானால் சரியாக வையுங்கள். மெல்லியதாக எடுத்தால் நன்றாக ஒட்டும், நன்றாகச் சுருங்கவும் செய்யும். 0.4 மில்லிமீட்டர் அளவில், கொஞ்சம் தடிப்பாக எடுங்கள். மெஷ் (வலை போல ஓட்டையிட்டு விரிப்பது) செய்யக் கூடாது, மெஷ்ஷின் ஓட்டைகள் எல்லாம் தழும்பால்தான் மூடும். முழுத் தாளாக வைத்து, 11ஆம் நம்பர் பிளேடால் அங்கங்கே குத்தி நீர் வடிய வழி விட்டால் போதும். கால் முழுசாக நீண்ட நிலையில் பள்ளத்தை அளந்து, அதைவிடத் தாராளமாக எடுங்கள், மிச்சத்தைச் சேமித்து வைக்கலாம். இணைப்புக் கோடு மூட்டின் மடிப்பை நெடுக்காகக் கடக்கக் கூடாது. இரண்டு தாள் தேவைப்பட்டால் சந்திக்கும் கோடு குறுக்காக வரட்டும், நெடுக்காக வந்தால் அதுவே அடுத்த பட்டை.

குழியான இடம் என்பதால் பஞ்சை வைத்துக் கட்டும் டை-ஓவர் இல்லாமல் ஒட்டாது. தையலின் நீண்ட நுனிகளை விட்டு, பாரஃபின் வலை, அதன் மேல் ஈரப்பஞ்சு, குறுக்கே எதிரெதிராகக் கட்ட வேண்டும். ஐந்தாம் நாள் திறக்கலாம், புண் இருந்த கேஸ் என்றால் மூன்றாம் நாளே மோந்து பார்த்துத் திறந்துவிடுங்கள். கிராஃப்ட் போவதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணம்: அடியில் ரத்தக்கட்டி, அல்லது கட்டுக்குள் முழங்கால் அசைந்தது. டூர்னிகே இறக்கி, பைபோலாரால் ரத்தம் நிறுத்தி, ஈரத்துணியை அழுத்திப் பத்து நிமிடம் நின்றுவிட்டுப் பிறகு கிராஃப்ட் வைத்தால் முதல் காரணம் போய்விடும்.

ஒரு இடத்தில் மட்டும் ஃபிளாப்காரர்களோடு நிற்பேன். நரம்போ ரத்தக்குழாயோ வெறுமையாகத் தெரிந்தால், அல்லது தசைநாண் உறை போய் வெளியே தெரிந்தால் அங்கே கிராஃப்ட் வேண்டாம். ஒட்டினாலும் அது நரம்பைப் பிடித்துக்கொள்ளும், கால் நீட்டும்போதெல்லாம் மின்சாரம் பாய்வது போல வலிக்கும்.

-----

முதலாண்டு_எம்சிஎச் எழுதியது:

நன்றி, எல்லோருக்கும். இன்று அளந்து பார்த்தேன், நல்ல காலில் 20, பாதித்த காலில் 14.5. கழுத்தும் மார்பும் சரியாக இருக்கின்றன. வெளிப்பக்கத் தொடையில் கான்டைலுக்கு மேலே டாப்ளரில் தெளிவான சத்தம் ஒரு இடத்தில் கிடைக்கிறது, தோலைக் கிள்ளினால் 7 செ.மீ. சேர்கிறது. பயாப்சி அனுப்பியாயிற்று. மடிப்பு மட்டத்தில் கொழுப்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று தொட்டுச் சொல்ல முடியவில்லை, புண் இருக்கும் இடத்தில் தோல் அடியோடு ஒட்டியிருக்கிறது.

-----

பின்தொடை எழுதியது:

அடியோடு ஒட்டியிருக்கிறது என்றால் அங்கே கொழுப்பு இல்லை என்றே வைத்துத் திட்டம் போடுங்கள். அந்த இடத்துக்கு ஃபிளாப், மீதிக்குக் கிராஃப்ட். டெர்மடோம் சார் சொன்னதும் இதில் அடங்கிவிடுகிறது. ஃபிளாப்பை வரைந்து வையுங்கள், ஆனால் வெட்டாதீர்கள். ரிலீஸ் முடிந்து அடியைப் பார்த்த பிறகு முடிவெடுங்கள். மூத்தவர் ஒருவர் கை கழுவி நிற்கட்டும்.

7 செ.மீ. கிள்ளலில் சேர்கிறது என்றால் 6.5 அகலத்தை நேராகத் தைக்கலாம். தையல் இழுத்துக்கொண்டு தொடைத் தோல் வெளுத்தால் பிடிவாதம் வேண்டாம், நடுவில் கிராஃப்ட் வையுங்கள். இழுத்துத் தைத்த கோடு ஃபிளாப்பின் அடிக்கு மேலேயே போவதால் அது சிரையை நெரிக்கும். திருப்பிய இடத்தில் நாய்க்காது போல எழும்பும் தோலையும் வெட்டக் கூடாது, அது காம்பின் அகலம். மூன்று மாதம் கழித்து அதுவே பெரும்பாலும் படிந்திருக்கும், படியாவிட்டால் அப்போது சரிசெய்யலாம்.

இரவு டூட்டியில் இருப்பவருக்கு எழுதி வையுங்கள்: ஃபிளாப் நீலமாகி, அழுத்தி விட்டதும் சட்டென்று ஒரு நொடிக்குள் ரத்தம் திரும்பினால் சிரை அடைப்பு. வெளுத்து, ஜில்லென்று, திரும்பவே இல்லையென்றால் தமனி. இரண்டிலும் முதல் வேலை கட்டைப் பிரிப்பது, அடுத்தது இறுக்கமான இரண்டு மூன்று தையலை எடுப்பது, அடுத்தது முழங்காலை 10 டிகிரி மடக்கிப் பார்ப்பது. அடியில் கட்டியிருக்கும் ரத்தத்தை வெளியேற்றினாலே பாதி ஃபிளாப்கள் நிறம் மாறும். போன் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம், பிரித்துவிட்டுப் போன் செய்யலாம். நுனியில் ஒரு செ.மீ. கறுத்தால் அவசரப்பட வேண்டாம், கோடு பிரியும்வரை காயவிட்டுப் பிறகு வெட்டலாம்.

-----

நீட்டிமடக்கு எழுதியது:

பிசியோ பக்கம் இருந்து. ஆபரேஷன் கதை முடிஞ்சதும் எங்க கதை ஆரம்பிக்கும், அதனால ஆபரேஷனுக்கு முன்னாடியே எங்களைக் கூப்பிடுங்க. இடுப்பும் கணுக்காலும் பாத்தீங்களா? முழங்கால் 50 டிகிரி மடங்கி ஒண்ணரை வருஷம் நடந்தவங்களுக்கு இடுப்பு முன்னாடி இறுகியிருக்கும், குதிகால் தரையில படாம ஆக்கிலஸ் தசைநாணும் குட்டையாயிருக்கும். முழங்காலை நேராக்கிட்டு குதிகால் படலைன்னா நோயாளிக்குப் பழைய நடைதான்.

முதல் நாள்லயே தொடைத் தசையை இறுக்கி விடற பயிற்சி, ஸ்லாப்புக்குள்ளயே செய்யலாம். பத்து எண்ணி பிடிச்சு, பத்து தடவை, ரெண்டு மணிக்கு ஒருக்கா. முழங்கால் கடைசி 15 டிகிரியை நேராக்கறது இந்தத் தசைதான். ஸ்லாப் பிரிச்சதும் கையால நேராகுது, தானா நேராகலைன்னு வந்து நிப்பாங்க. அது சுருக்கம் திரும்பினது இல்ல, தசை வலு இல்லாதது. ரெண்டையும் குழப்பிக்காதீங்க. முழங்கால் சில்லையும் மேல கீழ, பக்கவாட்டுல அசைச்சு விடணும்.

ஃபிளாப், இசட் மட்டும்னா 12 முதல் 14 நாள்ல தையல் எடுத்ததும் மெதுவா மடக்க ஆரம்பிக்கலாம். கிராஃப்ட் இருந்தா மூணு வாரம் பொறுக்கணும். பின்னாடி மிச்சம் இருக்கற 10 டிகிரிக்குக் குப்புறப் படுத்து, முழங்காலுக்குக் கீழ காலைக் கட்டில் விளிம்புக்கு வெளிய தொங்கவிட்டு, கணுக்கால்ல அரைக்கிலோவுல ஆரம்பிச்சு ஒரு கிலோ வரைக்கும் மணல்பை, 10-15 நிமிஷம், நாளைக்கு மூணு தடவை. குதிச்சு குதிச்சு நீட்டக் கூடாது, தழும்பு கிழிஞ்சா அந்த இடம் இன்னும் தடிக்கும்.

ஸ்பிளின்ட்: கிராஃப்ட்டுக்கு முதல் மூணு வாரம் முழு நேரமும், அப்புறம் பயிற்சி நேரம் தவிர, பிறகு இரவு மட்டும்னு மொத்தம் ஆறு மாசம். ஃபிளாப் மட்டும்னா இரவு ஸ்பிளின்ட் ரெண்டு மூணு மாசம் போதும். ஆறாவது வாரத்துல நல்லாயிருச்சுன்னு கழட்டிப் போடறவங்கதான் பெரும்பாலும் திரும்பி வர்றாங்க. கிராஃப்ட் சுருங்கறதே அந்த சமயத்துலதான் வேகமா இருக்கும்னு முன்கூட்டியே சொல்லிடுங்க.

பிரஷர் கார்மென்ட் (தழும்பை அழுத்திப் பிடிக்கற இறுக்கமான உறை) 23 மணி நேரம்னு எழுதிக் குடுத்துடுவோம், ஆனா முழங்காலுக்குப் பின்னாடி குழியில அது அழுத்தவே அழுத்தாது. உக்காந்தா சுருண்டு மடிப்புல வெட்டும், புதுப் புண்ணே வரும். குழிக்குள்ள பொருந்தற மாதிரி சிலிக்கான் ஷீட்டோ வெட்டின ஃபோமோ வச்சு அதுக்கு மேல போடச் சொல்லுங்க. ஃபிளாப் காம்பு மேல மூணு வாரம் வரைக்கும் எந்த அழுத்தமும் வேண்டாம். கிராஃப்ட் தோல்ல எண்ணெய்ச் சுரப்பி இல்ல, ஒரு நாளைக்கு நாலு தடவை தேங்காய் எண்ணெய் தடவி வட்டமா அழுத்தித் தேய்க்கணும். அப்படியே விட்டா காஞ்சு அதே மடிப்புல மறுபடி வெடிக்கும்.

இந்தியன் டாய்லெட் ஆறு முதல் எட்டு வாரம் வேண்டாம். வீட்டுல வேற வசதி இல்லைன்னா நடுவுல ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி போதும். டிஸ்சார்ஜ் அன்னிக்கு இதைக் கேக்க மறந்தா, ரெண்டாம் நாளே குத்துக்கால் போட்டு உக்காந்துடுவாங்க.

-----

முதலாண்டு_எம்சிஎச் எழுதியது:

கடைசியாக ஒன்று. ஸ்லாப் வழக்கம்போலப் பின்பக்கம்தானே?

-----

இசட்60 எழுதியது:

இல்லை. கிராஃப்ட் மட்டும் என்றால் பின்பக்கம் சரி, டை-ஓவரை அழுத்திப் பிடிக்கும். ஃபிளாப் இருந்தால் முன்பக்க ஸ்லாப். இடுப்பு மடிப்புக்கு நாலு விரல் கீழே தொடங்கிக் கணுக்கால் வரை, முழங்கால் சில்லின் மேல் இரட்டைப் பஞ்சு. ஃபிபுலாவின் கழுத்து மட்டத்தில் பிளாஸ்டர் ஓரத்தை வெளியே மடித்துவிடுங்கள், பெரோனியல் நரம்பு அங்கே எலும்பின் மேல் நேராகப் படுத்திருக்கிறது. கிரேப் பேண்டேஜைப் பின்பக்கம் ஒரு கையகலம் விட்டுச் சுற்றி, ஃபிளாப்பும் விரல் நுனிகளும் வெளியே தெரியும்படி விடுங்கள். கட்டைப் பிரிக்காமலேயே டார்ச் அடித்து நிறம் பார்க்க முடிய வேண்டும். குதிகால் கட்டிலைத் தொடாதபடி கெண்டைக்காலின் கீழ்ப்பகுதிக்கு மட்டும் ஒரு சின்னத் தலையணை.